ஆர்சியில எஃப்சி (வண்டி ரோட்டுல ஓடத் தகுதின்னு குடுக்கிற சர்டிபிகேட்) 2033 வரைக்கும் இருக்கு, அதை நம்பி பழைய கார் வாங்கலாமா?

தேரடி_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ், ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போகணும். டி.எச். ரோட்டுல ஆட்டோ குலுங்குறதை அவரால தாங்க முடியல. அதனால ஒரு சின்ன பெட்ரோல் கார் பார்த்திருக்கேன். 2018 ஆகஸ்ட் பதிவு, சிங்கிள் ஓனர், மீட்டர்ல 38,000 கி.மீ., விலை 3.40 லட்சம். மாதவரம் பக்கத்து ப்ரோக்கர் ஒருத்தர் மூலமா வந்தது.

வண்டியை யாராவது செக் பண்ணியிருக்காங்களா, ரெக்கார்டு இருக்கான்னு கேட்டேன். ஆர்சியை நீட்டி, "எஃப்சி 2033 ஆகஸ்ட் வரைக்கும் இருக்கும்மா, கவர்மென்ட்டே பாஸ் பண்ணின வண்டி"ன்னு சொல்றார். பரிவாகன்கிற கவர்மென்ட் வெப்சைட்டுல வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், அதே தேதிதான் காட்டுது. பொகை சர்டிபிகேட்டும் இருக்கு. 5,000 ரூபா டோக்கன் குடுத்துட்டேன். இது போதுமா? இன்னும் என்ன பார்க்கணும்? கையில இருக்கிற காசு மொத்தமும் இதுலதான் போகுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வியாசை_மெக்கானிக்:
அம்மா, மீதிக் காசைக் குடுக்காதீங்க. முதல்ல அந்தத் தேதி என்னன்னு புரிஞ்சுக்கோங்க. ஓன் போர்டு காருக்கு, அதாவது சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற காருக்கு, முதல் 15 வருஷம் எஃப்சி காட்டவே வேண்டாம். 2018-ஓட 15-ஐக் கூட்டினா 2033, அவ்வளவுதான். ஷோரூம்ல இருந்து வந்த அன்னைக்கு விழுந்த தேதி அது. அதுக்கப்புறம் எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் அந்த வண்டியைக் கண்ணால பார்த்திருக்க மாட்டார். டி போர்டுன்னா, அதாவது வாடகை வண்டின்னா, கதை வேற. புதுசுல இருந்து 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் எஃப்சிக்கு நிறுத்தியே ஆகணும்.

பொகை சர்டிபிகேட் பொகையை மட்டும்தான் சொல்லும். பிரேக், சஸ்பென்ஷன், அடிபட்டதான்னு எதுவும் அதுல தெரியாது.

ஓன் போர்டு வண்டிக்கு உண்மையான வரலாறு ரெண்டு இடத்துலதான் இருக்கு: சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்ல, பழைய இன்சூரன்ஸ் பேப்பர்ல. ரெண்டையும் கேளுங்க. குடுக்கத் தயங்கினாலே பாதி பதில் கிடைச்ச மாதிரி.

தேரடி_வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. இந்த 15 வருஷக் கணக்கு எனக்குச் சுத்தமா தெரியாது. சர்வீஸ் புக் தொலைஞ்சு போச்சாம். இப்ப நடக்கிற பாலிசி மட்டும் ப்ரோக்கர் வாட்ஸ்அப்ல அனுப்பினார். 2025 ஆகஸ்ட்ல இருந்து 2026 ஆகஸ்ட் வரைக்கும், ஃபுல் இன்சூரன்ஸ். அதுல என்சிபி 20%னு இருக்கு. அது நல்லதா?

பெரம்பூர்_அக்கா:
நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல பல வருஷமா வேலை பார்க்கிறேன். அந்த 20-ஐ விடாதேம்மா.

என்சிபின்னா நோ க்ளைம் போனஸ், க்ளைம் வாங்காததுக்கு பிரீமியத்துல குடுக்கிற தள்ளுபடி. க்ளைம் இல்லாம ஒரு வருஷம் போனா அடுத்த பாலிசியில 20%, அப்புறம் 25, 35, 45, கடைசியா 50. 2018-ல இருந்து ஒரே ஓனர், க்ளைமே இல்லைன்னா இன்னைக்கு 50-ல நிக்கணும். 20-ல நிக்குதுன்னா, 2024 ஆகஸ்ட்ல அது பூஜ்யமா இருந்திருக்கு. பூஜ்யம் ஆச்சுன்னா, அதுக்கு முந்தின பாலிசி வருஷத்துல, அதாவது 2023 ஆகஸ்ட்டுக்கும் 2024 ஆகஸ்ட்டுக்கும் நடுவுல க்ளைம் போயிருக்கணும். அந்த நடுவுலதான் 2023 டிசம்பர் வருது. மிக்ஜாம் புயல் வெள்ளம்.

இதை மட்டும் வச்சு தண்ணியில நின்ன வண்டின்னு முடிவு கட்டிடாதே. 90 நாளுக்கு மேல பாலிசியைப் புதுப்பிக்காம விட்டாலும் என்சிபி போயிடும். ஓனர் தன்னோட போனஸை வேற புது வண்டிக்கு மாத்தியிருந்தாலும் இதுல பூஜ்யமாயிடும். சும்மா பம்பர் இடிச்ச க்ளைமாகவும் இருக்கலாம். அதனால 2023, 2024 பாலிசி ரெண்டையும் வாங்கிப் பாரு. க்ளைம் எதுக்குன்னு ஓனர்கிட்ட நேரடியா கேளு, ப்ரோக்கர்கிட்ட இல்ல.

மணலி_சேக்காடு:
அக்கா சொன்னது என் வயித்துல புளியைக் கரைக்குது. 2024-ல நான் அப்படி ஒரு வண்டி வாங்கினேன். மூணு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் பவர் விண்டோ, அப்புறம் ஏர்பேக் லைட், அப்புறம் நடுரோட்டுல ஆஃப். தண்ணி வடிஞ்சுடும், வயர் சாக்கெட்டுக்குள்ள இருக்கிற ஈரம் போகாது. பச்சையா களிம்பு பிடிச்சு ஒண்ணொண்ணா சாகடிக்கும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி அப்படி நடுவழியில நிக்கக் கூடாது.

போய்ப் பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் இழுங்க. வெளிய தெரியுற பாதியைக் கழுவியிருப்பாங்க, உள்ள சுருண்டிருக்கிற பாதியில கறைக்கோடு இருக்கும். எண்ணூர், எர்ணாவூர் பக்கம் அந்த வெள்ளத்துல எண்ணெயும் கலந்து வந்தது, அதனால கோடு கறுப்பாகூட இருக்கலாம். சீட்டுக்கு அடியில தண்டவாளம் மாதிரி இருக்கே, அதோட போல்ட்டுல துரு இருக்கா? டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தப் பள்ளத்துல சேறு இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. புது சீட் கவரும் மூக்கைத் துளைக்கிற சென்ட்டும் இருந்தா இன்னும் உஷாரா இருங்க.

வியாசை_மெக்கானிக்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். அடியில துரு இருந்தாலே வெள்ளம்னு இல்ல, காசிமேடு, எண்ணூர்ல உப்புக்காத்துக்கே சைலென்சரும் அடித்தகடும் துரு ஏறும். ஆனா உப்புக்காத்து ஸ்டியரிங்குக்கு கீழ டேஷ்போர்டு பிராக்கெட் வரைக்கும் அவ்வளவா போகாது. அங்க நல்லா துருன்னா தண்ணி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் தயாரிச்ச வருஷக் குறி இருக்கும், ஒண்ணு மட்டும் வேற வருஷம்னா மாத்தியிருக்காங்க. டயர்ல நாலு இலக்கம் இருக்கும்: 2218னா 2018-ல 22-ஆவது வாரம் செஞ்ச டயர்.

தேரடி_வாசி:
நேத்து போயிட்டு வந்தேன். ஓனர் நம்பரை ப்ரோக்கர் குடுக்கவே மாட்டேன்னார், ரொம்ப நேரம் நின்னு வாங்கினேன். ஓனர் நல்ல மனுஷன், மறைக்கல. மிக்ஜாம்ல கொரட்டூர்ல ரெண்டு நாள் தண்ணியில நின்னிருக்கு, சீட் வரைக்கும். க்ளைம்ல கார்பெட், வயரிங், மீட்டர் போர்டு எல்லாம் மாத்தியிருக்காங்க. ப்ரோக்கர்கிட்ட சொல்லித்தான் குடுத்தாராம். ஓனர் சம்மதிச்சதால சர்வீஸ் சென்டர்லயும் சொன்னாங்க. 2023 அக்டோபர் சர்வீஸ்ல 52,140 கி.மீ.! இப்ப மீட்டர்ல 38,000. புது மீட்டர் போட்டப்போ எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு. பெல்ட்டை இழுத்தேன், கோடு இருந்தது.

வண்டி வேண்டாம்னுட்டேன். டோக்கனைத் திருப்பித் தர ப்ரோக்கர் முதல்ல முரண்டு பிடிச்சார், ஓனரே பேசி வாங்கிக் குடுத்தார்.

இப்ப தண்டையார்பேட்டையில இன்னொரு வண்டி. 2017, என்சிபி 50%, பில் ஃபைல் முழுசா வச்சிருக்காங்க. பரிவாகன்ல பேங்க் பேர் இன்னும் லோன்ல நிக்குது, கட்டி முடிச்சாச்சுன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறேன்.

பெரம்பூர்_அக்கா:
அப்பாடா, தப்பிச்சே. லோன் முடிஞ்சிருந்தா பேங்க்ல பாக்கி இல்லைங்கிற என்ஓசியும், ஆர்சியில இருந்து லோனை எடுக்கிறதுக்கான ஃபார்ம் 35-ம் குடுத்திருப்பாங்க. அதை வச்சு ஆர்சியில பேங்க் பேரை எடுத்த பிறகு மொத்தப் பணம் குடு. ஓனர் பேரை மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கி, பேர் மாத்துறதை நீயே கூட இருந்து முடி. ஈ-செலான், அதாவது டிராஃபிக் அபராதம், பாக்கி இருக்கான்னும் பார்த்துடு. இன்சூரன்ஸை உன் பேருக்கு மாத்த 14 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும், மறந்துடாதே.

வியாசை_மெக்கானிக்:
ஞாயித்துக்கிழமை நானும் வரேன்மா, தண்டையார்பேட்டை எனக்குப் பக்கம்தான். காசெல்லாம் வேண்டாம். நாம போறதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க. ராத்திரி முழுக்க நின்ன எஞ்சினை முதல் தடவை திருப்புறப்போ வர்ற சத்தத்தையும் பொகையையும் நான் கேட்டுப் பார்க்கணும்.