நட்டத்தை ஈடுகட்டறதா, மீட்டெடுக்கறதா? சாயப்பட்டறைக்குக் கடிதம்

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி):
சாயப்பட்டறையில இருந்து வந்த 400 கிலோ துணியில ஷேடு மாறிப்போச்சுங்க. கிலோ அடக்கம் 300 ரூபாய். செகண்ட்ஸ்ல, அதாவது குறைத் துணியா, கிலோ 180க்குத்தான் போச்சு. “எங்கள் நட்டத்தை மீட்டெடுக்க ஆவன செய்யவும்”னு ஆபீஸ்ல டைப் பண்ணி வச்சிருக்காங்க. படிக்கவே இடறுது. ஈடுகட்ட, சரிக்கட்ட, வசூலிக்கன்னு இருக்கறதுல எதைப் போடறது? ஆடிட்டருக்கு எழுதறதுலயும் அதே சொல் ஆகுமுங்களா?

பதில் 1 (கோபி):
மீட்கறது கைவிட்டுப் போன பொருளைங்க. அடகு நகையை மீட்கலாம், போட்ட முதலை மீட்கலாம். நட்டத்தை மீட்டா நட்டம்தான் திரும்பி வரும்! பேப்பர்லயே இப்படி எழுதறாங்க, என்ன பண்றது.

ஈடுகட்டறதுங்கறது ஒரு பக்கம் குறைஞ்சதை இன்னொரு பக்க வரவை வச்சு நிரப்பறது. “மஞ்சளில் வந்த நட்டத்தை வாழையில் ஈடுகட்டினார்.” இங்க நிரப்பறவர் நட்டப்பட்டவரேதான். எதிராளி தர்றதுன்னா அது இழப்பீடு, இல்லேன்னா நட்டஈடு. அதுக்கு ‘கு’ வரும்: நட்டத்துக்கு இழப்பீடு. வசூல் பண்றது ஏற்கெனவே தொகை முடிவான பாக்கியை, வட்டியை, சீட்டுப் பணத்தை. சரிக்கட்டறது எழுத்துல வேண்டவே வேண்டாம். ஆளைச் சரிக்கட்டறதுன்னும் படிப்பாங்க. ‘விட்டதைப் பிடிக்கறது’ல சீட்டாட்ட வாடை அடிக்கும். ‘ஈடு’ன்னு தனியா எழுதினா பத்திர வழக்குல அது அடமானம்.

உங்க கடிதத்துக்கு இழப்பீடுதான்.

பதில் 2 (அவினாசி ரோடு):
சொல் சரி, தொகையைப் பாருங்க. கேட்க வேண்டியது 1,20,000 இல்லை. செகண்ட்ஸ்ல 72,000 வந்திருச்சு, மிச்சம் 48,000. அந்த 300 ரூபாய் அடக்கத்துல நூல், நிட்டிங், சாயக்கூலி மூணும் சேர்ந்திருந்தா, சாயக்கூலி பில்லைத் தனியா நிறுத்தி வைக்காதீங்க. ஒரே நட்டத்தை ரெண்டு தடவை கேட்ட மாதிரி ஆயிரும், பட்டறைக்காரர் முதல்ல அதைத்தான் பிடிப்பார்.

லாட் நம்பர், சலான் நம்பர், ஒப்புதல் ஆன ஷேடு துண்டு, வந்த துணியோட துண்டு நாலையும் இணைக்கணும். வெட்டின துணிக்குப் பட்டறை பொறுப்பேற்காது. கட்டிங்குக்கு முன்னாடியே பார்த்தாச்சுன்னு காட்டணும். பட்டறை குறு, சிறு தொழிலாப் பதிவாகியிருந்தா இன்னொண்ணு: 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வேலை முடிஞ்சு சரக்கு கைக்கு வந்த 15 நாளைக்குள்ள எழுத்துல ஆட்சேபம் போயிருக்கணும். போகலேன்னா ஏத்துக்கிட்டதாத்தான் கணக்கு. போன்ல சத்தம் போட்டது எடுபடாதுங்க.

பதில் 3 (ஈரோடு, கணக்கு):
ஆடிட்டருக்கு ‘ஈடுகட்ட’ சரியா வரும். பேச்சுல செட் ஆஃப்னே சொல்லுவாங்க. ஆனா வருமான வரியில எதை வேணா எதுல வேணா ஈடுகட்ட முடியாது. தொழில் நட்டத்தைச் சம்பளத்துல ஈடுகட்ட முடியாது. மீதி நட்டத்தை 8 வருசம் வரைக்கும் தொழில் லாபத்துல மட்டும் கழிக்கலாம், அதுவும் அந்த வருச ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள போட்டிருந்தா. அன்னன்னைக்கே வாங்கி விக்கிற ஷேர் நட்டத்துக்கு 4 வருசம்தான், அதே வகை லாபத்துல மட்டும். தேய்மானத்துல மிச்சம் நின்னா அதுக்கு வருசக் கணக்கு இல்லை. தோட்டத்து நட்டத்தைக் கம்பெனி லாபத்துல கழிக்கலாமான்னு நம்ம பக்கம் நிறையப் பேர் கேக்கறாங்க. விவசாய வருமானத்துக்கே வரி இல்லை, அப்புறம் நட்டத்தை மட்டும் எப்படிக் கழிக்கறது?

கேட்டவர்:
நன்றிங்க. “லாட் எண் ___ துணியில் ஏற்பட்ட ரூ.48,000 நட்டத்துக்கு இழப்பீடு கோருகிறோம்.” இது போதுமுங்களா?

பதில் 1 (கோபி):
பணமாத் தரச் சொன்னா இது போதும். அடுத்த பில்லுல கழிக்கறதா இருந்தா “தங்கள் ஒப்புதலுடன் கழித்துக்கொள்கிறோம்”னு மாத்துங்க. ஒப்புதல் வாங்காம கழிச்சா, அவங்க லெட்ஜர்ல அந்த 48,000 உங்க பாக்கியாவே நிக்கும்.