அட்லாண்டிக் நீரோட்டம் 2057-இல் நின்றுவிடுமா?

நெய்தல்: இந்தத் தலைப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பேச்சு, அட்லாண்டிக்கில் மேற்பரப்பு நீர் வடக்கே போய், குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் பெருஞ்சுழற்சியைப் பற்றி (AMOC). 2023-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு சொன்னது 2025-க்கும் 2095-க்கும் இடையில் என்று. நடுவில் ஓர் ஆண்டைப் பிடித்து நாள் குறித்துவிட்டார்கள்! அதுவும் கிரீன்லாந்துக்குத் தெற்கே கடல் மேற்பரப்பு வெப்பநிலையை வைத்துப் போட்ட கணக்கு. அட்லாண்டிக்கின் குறுக்கே ஓட்டத்தைத் தொடர்ந்து அளப்பதே 2004-இல் தொடங்கியதுதான். 2009-10-இல் சுமார் 30 சதவீதம் சரிந்தது, அப்புறம் பெரும்பாலும் மீண்டுவிட்டது.

உறைபனி: தேதி அபத்தம், சரி. ஆனால் திடீர் மாற்றமே கட்டுக்கதை என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. கிரீன்லாந்தில் துளைத்தெடுத்த பனித்தூண்களைப் பாருங்கள். ஆண்டுக்கு ஓர் அடுக்கு. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன், இளைய டிரையாஸ் என்ற நீண்ட கடுங்குளிர்க் காலகட்டம் முடியும் இடத்தில், அடுக்குகளின் தடிமன் மூன்றே ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதாவது பனிப்பொழிவு இரு மடங்கு. சில பத்தாண்டுகளில் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு ஏறிவிட்டது.

நெய்தல்: அப்போது வட அமெரிக்காவின் தலையில் கிலோமீட்டர் கணக்கில் பனி உட்கார்ந்திருந்தது. இன்று அது எங்கே?

உறைபனி: இல்லைதான். ஆனால் அந்தத் தாவலுக்குப் பின்னால் இருந்ததாகக் கருதப்படும் இயந்திரம் அதேதான். உப்பான நீர் வடக்கே போகிறது, குளிர்கிறது, கனத்து மூழ்குகிறது. மேலே நன்னீர் கலந்தால் மூழ்குவது குறையும். ஓட்டம் தளரும். தளர்ந்தால் தெற்கிலிருந்து வரும் உப்பும் குறையும், ஓட்டம் இன்னும் தளரும். ஒரு கட்டத்தைத் தாண்டினால், நன்னீர் வரத்து பழைய அளவுக்கு இறங்கினாலும் ஓட்டம் திரும்பாமல் போகலாம். கடலியல் அறிஞர் ஸ்டொம்மெல் 1961-லேயே காட்டியது இது. கிரீன்லாந்து 2002 முதல் சராசரியாக ஆண்டுக்கு 25,000 கோடி டன்னுக்கு மேல் பனியை இழந்திருக்கிறது.

அலைஞன்: அப்போ மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டமும் நின்றுவிடுமா?

நெய்தல்: நிற்காது. அதைப் பெரும்பாலும் தள்ளுவது காற்று. காற்று வீசும்வரை, பூமி சுழலும்வரை அது ஓடும். வளைகுடா நீரோட்டத்தையும் நாம் பேசும் சுழற்சியையும் குழப்புவதில்தான் பாதிச் செய்திகள் தவறிப்போகின்றன. உறைபனி, ஸ்டொம்மெலின் கணக்கு கடலை வெறும் இரண்டு பெட்டிகளாகச் சுருக்கிய எளிய மாதிரி. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் சொன்னது வேறு: இந்த நூற்றாண்டில் ஓட்டம் பலவீனமாகும், ஆனால் 2100-க்குள் திடீரென முறியாது.

உறைபனி: அந்த "முறியாது" என்பதற்கு அவர்கள் தங்கள் உறுதி அளவுகோலில் கொடுத்தது "நடுத்தர நம்பிக்கை" மட்டுமே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஓட்டம் நின்றால் வெப்பமண்டல மழைப்பட்டையே தெற்கே நகரும். அந்த அளவு ஆபத்துக்கு நடுத்தர நம்பிக்கை போதுமா?

நெய்தல்: போதாது. அதற்காக 2057 என்று எழுதவும் கூடாது.