பொருள்: ஸ்கிசோஅஃபெக்டிவ் – தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

நண்பர்களே,
நோயாளியின் வீட்டாருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மனச்சிதைவு இருக்கிறது, பைபோலாருக்கு இருமுனையக் கோளாறு இருக்கிறது. இதற்கு 'உணர்ச்சிசார் மனச்சிதைவு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
– மொ.

> உணர்ச்சிசார் மனச்சிதைவு

அடை போட்டால் மனச்சிதைவில் ஒரு வகை என்றாகிவிடும். டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு) இதைத் தனி நோயாகவே வைக்கிறது. மனச்சோர்வோ பித்தெழுச்சியோ (மேனியா) நோய்க்காலத்தின் பெரும்பகுதி இருக்க வேண்டும். அது அடங்கியிருக்கும்போதும் மாயக்குரலோ மாயநம்பிக்கையோ 2 வாரமாவது தனியே நீடித்திருக்க வேண்டும். சோர்வின் உச்சத்தில் மட்டும் குரல் கேட்டால் அது வேறு கணக்கு. அந்த 2 வாரத்தை யார் பார்த்தார்கள் என்பதில்தான் சிக்கலே. 'நல்லா தூங்கினான், சிரிச்சான், ஆனா ஃபேனுக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தான்' என்று ஓர் அம்மா சொன்ன ஒரு வரியில் நோயின் பெயர் மாறியிருக்கிறது.
– க.

அப்படியானால் உம்மைத்தொகைதான் வேண்டும், இராப்பகல் போல. 'சிதைவெழுச்சி'. சிதைவு என்றதும் ஈமச் சிதையை இழுப்பார்கள். அது வடமொழிச் 'சிதா', சிதைதல் தமிழ் வினை, ஒட்டுமில்லை உறவுமில்லை. ஸ்கிசோஃப்ரினியாவில் இருக்கும் கிரேக்க 'ஃப்ரென்'னுக்கு மனம் மட்டுமல்ல, உதரவிதானம் என்றும் பொருள் உண்டு. மூலத்தை அப்படியே பெயர்த்தால் 'உதரவிதானப் பிளவு' என்று வரும்!
– பு.

சிதைவெழுச்சி 'சிதைவினது எழுச்சி' என்றும் விரியுமே, ஐயா?
– க.

ஐயா, வேர் எதுவானாலும் படிக்கிறவர் கண்ணுக்குச் சுடுகாடுதான் தெரியும். என் அக்காவுக்கு முதலில் மனச்சோர்வு என்றார்கள், அப்புறம் இருமுனையம், ஆறாவது வருடம் இது. பெயர் மாறும்போதெல்லாம் முன்பு சொன்னது பொய்யா என்று கேட்பாள். ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு துண்டைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஜப்பானில் 2002இல் 'மனப்பிளவு நோய்' என்ற பெயரையே தூக்கிவிட்டு, ஒருங்கிணைப்பு குலைந்த நிலை என்ற பொருளில் வைத்தார்கள். தென்கொரியாவில் நரம்புக் கருவிக்குச் சுதி கூட்டுவதை வைத்துப் பெயர். நாம் ஏன் 'சுதிகுலைவு' என்னக் கூடாது?
– த.

சுதி, சுருதியின் திரிபு. 'பண்குலைவு' என்க.
– பு.

பாட்டு வாத்தியாரிடம் அனுப்பிவிடுவார்கள். தவிர, அந்த நாடுகள் மாற்றியது ஸ்கிசோஃப்ரினியாவின் பெயரை. இது 1933இல் கசானின் என்ற மனநல மருத்துவர் 9 நோயாளிகளை வைத்து ஒட்டிய பெயர். அன்றைக்கே ஒட்டு, இன்றைக்கும் ஒட்டு.
– க.

புதன் இரவாகிவிட்டது. தலைப்பில் 'ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறு'. கீழே 'மனச்சிதைவின் அறிகுறிகளும் மனநிலையின் பெரும் ஏற்ற இறக்கமும் ஒருவருக்கே வரும் நோய்'. ஐந்து பேர் சரி என்கிறீர்கள், இரண்டு பேர் தூங்கிவிட்டீர்கள். அக்காவின் கேள்விக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், த.
– மொ.

மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. என் மறுப்பைப் பதிவு செய்க. அடைப்புக்குறிக்குள்ளாவது சிதைவெழுச்சியைப் போடலாமே?
– பு.