புரதத் துளிகளை ஒரே நேரத்தில் தொடங்க வழி உண்டா?

பட்டர்வொர்த் மாணவி:
எஃப்யூஎஸ் என்ற, தானே துளிகளாகத் திரளும் புரதம் வைத்திருக்கிறேன்; திரளாமல் கரைந்தே இருக்க எம்பிபி என்ற இன்னொரு புரதம் அதில் ஒட்டியிருக்கிறது. டெவ் புரோட்டியேஸ் என்ற வெட்டும் நொதியைச் சேர்த்தால் எம்பிபி வெட்டுப்பட்டுத் துளிகள் வருகின்றன. ஆனால் ஆடி அசைந்துதான் வருகின்றன! செல்லுக்குள்ளும் பிறகு செய்ய வேண்டும்.

செந்தூல் அக்கா:
வெட்டு நடக்க நேரம் பிடிக்கும், அதை அவசரப்படுத்த முடியாதும்மா. ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) ஒட்டிய எஃப்யூஎஸ்ஸை 500 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடில் வைத்திருந்து, 75க்கு நீர்த்துப் பார். உப்பு குறைந்ததும் துளிகள் வந்து, கலந்த கையோடு கலங்கும். துளிகளைக் கலைக்க 1,6-ஹெக்ஸேன்டையால் 5 முதல் 10 சதவீதம். செல்லில் மட்டும் அதை நம்பாதே, சவ்வையே கெடுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
செல்லுக்கு ரேபமைசின் என்ற மருந்து. எஃப்கேபிபி, எஃப்ஆர்பி என்ற இரண்டு புரதத் துண்டுகளையும் இணைத்துப் பிடிக்கும்; அவற்றை உன் புரதத்தில் ஒட்டி வைத்தால், மருந்து சேர்த்ததும் சேர்ந்து திரள வைக்கலாம். பிடித்தால் லேசில் விடாது, அதுதான் தொல்லை. செல் வளர்ச்சியை நடத்தும் எம்டோர் புரதத்தையும் அடக்கும், அதனால் ரேபமைசினின் மாற்றுருவான ரேபலாக் பார்க்கலாம்.

பட்டர்வொர்த் மாணவி:
சரி அக்கா, முதலில் உப்பு. ரேபலாக் விலையைப் பேராசிரியரிடம் யார் சொல்வது?