குடியை நிறுத்திய பின் எந்தக் கூட்டத்துக்குச் செல்வது?

கேள்வி

மருத்துவரின் மேற்பார்வையில் குடியை நிறுத்திச் சில வாரங்கள் ஆகின்றன. ஆதரவுக் குழு ஒன்றில் சேருவது நல்லது என்று அவர் கூறியதால், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டம் ஒன்றுக்குச் சென்றேன். அங்கிருந்தவர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். ஆயினும் கூட்டத்தில் சொல்லப்பட்ட பிரார்த்தனை, கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு ஒட்டவில்லை. ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வர, என் முறை நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்த்து, பக்கத்தில் இருந்தவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. எனக்குப் பொருத்தமான கூட்டத்தை எப்படிக் கண்டறிவது?

மறுமொழி 1

நண்பரே, ஒரு கூட்டத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து பிறந்த இந்த இயக்கத்தில், குழுக்களுக்குக் கட்டளையிடும் தலைமை எதுவும் கிடையாது. ஆகவே பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒரு குழுவில் பிரார்த்தனை நீண்டிருக்கும், இன்னொன்றில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், சிலவற்றில் அறவே இருக்காது. கடவுள் நம்பிக்கை அற்றவர்களுக்கென்றே நடக்கும் கூட்டங்களும் உண்டு.

அட்டவணையில் ‘திறந்த கூட்டம்’, ‘மூடிய கூட்டம்’ என்று குறித்திருப்பார்கள். திறந்த கூட்டத்தில் குடும்பத்தினர், மாணவர்கள் என யார் வேண்டுமானாலும் அமரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டுமானது என்பதால் உங்கள் அச்சத்துக்கு அதுவே ஏற்றது. பெயரை மட்டும் சொன்னால் போதும். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே காக்கப்படும் இரகசியம் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அளித்துக்கொள்ளும் வாக்குறுதிதானே தவிர, மருத்துவர் காக்கும் இரகசியத்துக்கு உள்ள சட்ட வலிமை அதற்கு இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பேசுவது கட்டாயமில்லை. உங்கள் முறை வரும்போது “இன்று கேட்கத்தான் வந்தேன்” என்று சொன்னால், அடுத்தவர் தொடங்கிவிடுவார். ஓரிருவர் மட்டும் தங்கள் கதையைச் சொல்லும் பேச்சாளர் கூட்டங்களிலிருந்து தொடங்குவது உங்களுக்கு இன்னும் எளிது.

குழுவை எடைபோடக் கூட்டம் முடிந்த பிறகும் சற்று நேரம் அங்கேயே நில்லுங்கள். நாற்காலிகளை மடித்து வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், பழைய உறுப்பினர் யாராவது தாமாகவே வந்து தொலைபேசி எண்ணைத் தருகிறாரா, அல்லது எல்லோரும் தங்களுக்குள்ளேயே பேசிக் கலைகிறார்களா என்பதிலிருந்தே பாதி தெரிந்துவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும், கடன் கேட்பவரையும், புதியவர்களிடம் காதல் உறவு தேடுபவரையும் கண்டால் விலகிவிடுங்கள். உறுப்பினர் எவரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்று இயக்கத்தின் வெளியீடுகளே சொல்கின்றன. கட்டணமும் கிடையாது, உறுப்பினர்களின் காணிக்கையிலேயே குழு நடக்கிறது, முடியாதவர் போடாமல் இருக்கலாம்.

மறுமொழி 2

பிரார்த்தனை ஒட்டவில்லை என்றால் அதற்குள்ளேயே ஏன் தேட வேண்டும்? 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி கூட்டங்களில் கடவுள், பன்னிரண்டு படிகள் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பின்பற்றும் மீட்பு நெறிகள்), ஸ்பான்சர் (புதியவருக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினர்) எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். குடிக்கத் தூண்டும் எண்ணம் எப்போது எழுகிறது, அதைக் கடப்பது எப்படி, குடித்தால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று தாளில் எழுதிப் பார்க்கும் பயிற்சிகள் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேள்வி கேட்டு விவாதிக்கலாம். எனக்கு இதுவே பொருந்தியது. கதைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

மறுமொழி 3

ஸ்மார்ட் நல்ல வழிதான். ஆனால் பன்னிரண்டு படி முறையைத் தள்ளிவிடவும் முடியாது: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மருத்துவ நிலையங்களில் முறையாக நடத்தி மக்களை அந்தக் கூட்டங்களுடன் இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) போன்ற முறைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாகக் கண்டது. இரண்டிலும் ஒரே காலத்தில் சென்று பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நேரில் போகத் தயங்கினால், இரண்டுக்குமே இணையவழிக் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.

உங்கள் வீட்டாருக்கும் ஓரிடம் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் உருவான அல்-அனான் தனி அமைப்பு. என் கணவர் குடித்துக்கொண்டிருந்தபோதே நான் அங்கே போகத் தொடங்கினேன். அவர் நிறுத்தட்டும் என்று காத்திருக்கவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன் பிறகு உயிருக்கே ஆபத்தான மனக்குழப்ப நிலையும் வரக்கூடும். அந்த நிலையில் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

கேட்டவர்

மிக்க நன்றி. மூடிய கூட்டம் ஒன்றுக்கும், இணையத்தில் ஸ்மார்ட் கூட்டத்துக்கும் செல்ல முடிவு செய்திருக்கிறேன். ஸ்பான்சர் ஒருவரை உடனே தேர்ந்தெடுக்க வேண்டுமா?

மறுமொழி 1

அவசரம் வேண்டாம். சில வாரங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். யார் தம்மைப் பெருமையாகக் காட்டிக்கொள்ளாமல் பேசுகிறார் என்று கவனித்து, அவரிடம் தற்காலிகமாக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துவரவில்லையெனில் மாற்றிக்கொள்ளலாம்; யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.