அப்பாவுக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

வணக்கம். அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய், சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறார். சித்தப்பா தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார், ஆய்வகத்தில் அது கல்லீரல் புற்றுச் செல்களைக் கொன்றதாம். தேடிப் படித்தேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றைப் பற்றித்தான் (37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸ் இருப்பதைக் காட்டும் ஆன்டிஜென் என்ற புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது, பின்னால் மற்றவர்கள் செய்தபோது அப்படி வரவில்லை), புற்றுநோய் பற்றி அல்ல. தட்டில் வளர்த்த செல் சாவதும் உடம்புக்குள் கட்டி கரைவதும் ஒன்றில்லையே. அப்புறம், சோராஃபெனிப்பையும் கல்லீரல்தான் உடைத்தாக வேண்டும், மூலிகையும் சேர்ந்தால் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. புற்றுநோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு ஏதாவது தெரியுமா? சித்த மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? அதுவரை கொடுக்கப் போவதில்லை.