மேக்கர்ஸ்பேஸ்: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்

அன்பர்களே,

மானாமதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எங்கள் அடல் டிங்கரிங் லேபுக்கு (பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்கும் மேக்கர்ஸ்பேஸ்) தமிழில் பலகை எழுத வெள்ளிக்கிழமை பெயின்டர் வருகிறார். முப்பரிமாண அச்சுப்பொறி, ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுச் சுற்று எல்லாம் இருந்தும் பெண்பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. மண்பாண்டம் செய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி நாலு கடங்களைக் கொண்டுவந்து, சுவர்ப் பருமனுக்கும் சுருதிக்கும் என்ன தொடர்பு என்று மைக் வைத்து அளந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 'பட்டறை' என்று எழுதிவிடலாமா?
– ம.

அம்மா, பட்டறை என்பது பட்டடையின், அதாவது கொல்லரின் அடைகல்லின், திரிபு. 'எறிதற்குப் பட்டடை' என்று குறளிலேயே (821) இருக்கிறது. ஆனால் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து கவிதை கேட்பதும் இப்போது பட்டறைதான். 'கொற்றுறை' எப்படி? புறநானூறு 95: 'கொற்றுறைக் குற்றில'. கொல்லர் வேலை செய்யும் இடம். கொல், கொல்லன், கொல்லுலை என்று வேரோடு வரும்.
– செ.

> கொற்றுறை

பிரித்து எழுதினால் கொல்துறை. பெற்றோர் டி.சி. வாங்கிப் போய்விடுவார்கள். 'அடல்' என்பதற்கும் தமிழில் கொல்லுதல் என்றொரு பொருள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ககம்?
– இரா.

ஆக்ககம் ஓட்டல் பெயர் மாதிரி இருக்கிறது. குயவர் ஊர் என்பதால் 'கலஞ்செய் கோவே' (புறம் 228) நினைவுக்கு வந்தது. கலஞ்செய்களம்?
– மு.

அது ஈமத்தாழி, இறந்தவரைப் புதைக்கும் தாழி, வனையச் சொல்லும் பாட்டு ஐயா! பள்ளிக்கூடத்துக்கா?
– செ.

பட்டறையை நானே கைவிடுகிறேன். கடம் கொண்டுவந்த பெண்ணின் அப்பா, "பட்டறையில வேகுறதுக்கா பிள்ளையப் படிக்க அனுப்புறோம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.
– ம.

அந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் டிங்கர் என்பவர் யார்? ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்தவர். ஆங்கிலத்தில் அது நாடோடிகளை ஏசுகிற சொல்லாகவும் இருந்தது. அதை 2016-இல் நிதி ஆயோக் எடுத்து, பள்ளிக்கு 20 லட்சம் வரை கொடுத்துப் பலகையில் எழுத வைத்தது. அவர்கள் கைத்தொழில் சொல் கௌரவம், நம் கைத்தொழில் சொல் இழிவா? பட்டறையை விடாதீர்கள்.
– க.

கௌரவம் 20 லட்சத்தோடு வந்தது, சொல்லோடு அல்ல. எளிமையாகச் 'செய்கூடம்' போதும்.
– இரா.

செய் என்றால் வயலும்தான். நன்செய், புன்செய். நெல் கொட்டி வைக்கிற இடம் என்று நினைப்பார்கள்.
– மு.

சரி, செய்கூடத்துக்கு நால்வர், பட்டறைக்கு க. ஐயா ஒருவர். பிள்ளைகள் இப்போதே 'டிங்கர் ரூம்' என்கிறார்கள், அது வேறு. செய்கூடம் என்றே எழுதச் சொல்லிவிட்டேன்.
– ம.

என் மறுப்பு நிற்கட்டும். எழுதுவதானால் பெயின்டரிடம் சொல்லுங்கள்: வினைத்தொகை, ஒற்று மிகாது. 'செய்க்கூடம்' என்று போட்டால் மு. சொன்ன வயல்தான்.
– க.

நேற்றே எழுதிவிட்டார். க் இருக்கிறது.
– ம.